எண்பத்தொரு கொலம்பைன் விதைகள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு இந்த வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர். நான், நஞ்சப்பன், வயது எழுபத்தொன்று. மகன் மோகன்குமார். மருமகள் வினோதினி. பேத்தி மிதுனா, வருகிற தையில் நான்கு முடிகிறது. நேற்றுச் சாயங்காலம் காரமடையிலிருந்து காரில் மலையேறி வந்த சம்பந்தி கிட்டுசாமி. அவர் மனைவி ராமாத்தாள். ஏழாவதாக ஒருவரும் இல்லை; பால்காரர் கேட்டோடு போய்விட்டார், பேப்பர் போடுகிறவர் உள்ளே வருவதில்லை. மறுபடி எண்ணினாலும் ஆறுதான். அந்த ஆறில் எடுத்தது நான் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் ஐந்து. அந்த ஐந்து பேரில் யாரோ ஒருவர் வயிற்றுக்குள், ஃப்ரிட்ஜில் டப்பாவில் நான் வைத்திருந்த கொலம்பைன் பூ விதை எண்பத்தொன்று போயிருக்கிறது. வயிற்றுக்குள் என்று எப்படிச் சொல்கிறேன், கொட்டியும் போயிருக்கலாம். கொட்டியிருந்தால் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் ஒன்றாவது கிடக்க வேண்டும், கறுப்பு விதை வெள்ளைத் தட்டில் தெரியாமல் போகாது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. டப்பாவுக்குள் நான் மடித்து வைத்த சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது, 214 என்று, அதன் கீழே தேதி. தேதியிலிருந்து இன்று இருபத்தெட்டாவது நாள். குளிரில் இருபத்தெட்டு நாள் வைத்து எடுத்து விதைத்தால்தான் முளைப்பு நன்றாக இருக்கும் என்று இன்று எடுத்தேன். மூடியைத் திறந்ததுமே தெரிந்தது. எண்ணுவதற்கு முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும், அது முப்பத்தொரு வருஷப் பழக்கம். பீங்கான் தட்டில் கொட்டி, போஸ்ட் கார்டு முனையால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினேன். நூற்று முப்பத்து மூன்று. இரண்டாம் தடவை நூற்று முப்பத்து மூன்று. மூன்றாம் தடவை ஒன்று தட்டை விட்டு உருண்டது, அதைத் தேடி எடுத்துச் சேர்த்த பிறகு நூற்று முப்பத்து மூன்று. ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் பக்கத்தில் இன்னொரு டப்பா, அதே வெள்ளை, அதே அளவு. அது கருஞ்சீரகம். நேற்றுவரை கருஞ்சீரகம் இடது பக்கம் இருந்தது, விதை வலது பக்கம். இன்று மாறி இருக்கிறது.

முதலில் நினைத்தது விதையைத்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐயோ எண்பத்தொன்று போச்சே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது, யாருக்குள் போச்சு என்று கேட்பதற்கு ஒரு முழு நிமிஷம் ஆனது. கொலம்பைன் என்றால் இங்கே கோத்தகிரியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கீழே சமவெளியில் யாருக்கும் தெரியாது, அதற்குக் குளிர் வேண்டும். இலை கொத்தமல்லி போல, ஆனால் பெரிது, நீலச்சாம்பல் பூசினது போல, பனி அதில் ஒட்டாமல் மணியாக உருளும். பூ தலையைக் குனிந்து தொங்கும், பின்பக்கம் ஐந்து வால் நீளும், அந்த வால் நுனியில் தேன் இருக்கும். விதை போட்டால் முதல் வருஷம் இலை மட்டும், இரண்டாம் வருஷம்தான் பூ. நான்கு வருஷத்துக்கு முன் எனக்குப் பூத்தவை முப்பத்தேழு செடி. முப்பத்தாறும் மங்கின ஊதா, அழுக்கு ரோஸ், துணி சாயம் போனது மாதிரி. ஒன்று மட்டும் நீலம். மழை விட்டு மேகம் விலகும்போது மலைக்குப் பின்னால் ஒரு நிமிஷம் தெரியுமே, அந்த நீலம். அதிலிருந்து விதை எடுத்தால் நீலமே வரும் என்று நிச்சயம் இல்லை, வண்டு ஊதாவிலிருந்து இதற்கும் இதிலிருந்து வெள்ளைக்கும் போய் எல்லாவற்றையும் கலந்துவிடும். அதனால் இந்தத் தடவை மூன்று மொட்டுக்கு வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டினேன். பூ விரிந்ததும் பையை அவிழ்த்து, மிதுனாவின் வர்ணப் பெட்டியிலிருந்த பிரஷ்ஷால் அதன் மகரந்தத்தை அதற்கே தடவி மறுபடி கட்டினேன். ஒன்று மழையில் ஒடிந்தது. மிச்சம் இரண்டு பூ. ஒரு பூவுக்கு ஐந்து காய், பத்து காய், இருநூற்றுப் பதினான்கு விதை. தாய்ச் செடி போன மாதம் அடியில் கறுத்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஆயுள் அவ்வளவுதான், நாலைந்து வருஷம். பத்து நாளைக்கு முன் பிடுங்கினேன், வேர் கேரட் மாதிரி ஒற்றையாக ஆழத்துக்குப் போயிருந்தது, முழுசாக வரவில்லை. ஆகவே அந்த நீலம் இப்போது உலகத்தில் இருப்பது இந்த டப்பாவில்தான், இதில் எண்பத்தொன்று போனால், பார், மறுபடியும் விதையைத்தான் நினைக்கிறேன். முப்பத்தொரு வருஷம் நான் வேலை பார்த்த நர்சரியில், விதை அறையில் நாங்கள் ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு தட்டு, உறைக்கு ஐம்பது விதை. மேஸ்திரி பெஞ்சமின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடப்பார், கொலம்பைன் உறை போடுகிற நாளில் மட்டும் சொல்வார்: "இதை மட்டும் வாயில வைக்காதீங்கப்பா. நெஞ்சைப் பிடிச்சிரும்." பட்டாணி விதையை மெல்லுகிற ஆட்கள் எங்களில் உண்டு, அதற்காகப் பயமுறுத்தச் சொன்னாரோ, நிஜமாகச் சொன்னாரோ. எத்தனை விதைக்கு நெஞ்சைப் பிடிக்கும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு எண் சொல்லியிருந்தால் இப்போது எவ்வளவு நன்றாக இருக்கும். பத்தா, ஐம்பதா, ஒரு பிடியா? பிடி என்பது ஒரு கணக்கா, ஆளுக்கு ஒரு கை.

மிதுனா இல்லை. ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்கு அவள் தலை ஒரு சாண் கீழே நிற்கிறது, அந்த மூடியைத் திருகும் பலமும் அவள் கைக்கு வரவில்லை, எனக்கே இறுக்கம். ஆனாலும் போய்ப் பார்த்தேன். கூடத்தில் தரையில் படுத்து யானைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். "கண்ணு, வாயைத் திற" என்றேன். "ஏன் அப்பாரு, நான் பல்லு வெளக்கிட்டேன்" என்று திறந்தாள். சிவப்பாக, சுத்தமாக இருந்தது. மோகன் இல்லை, அவன் தண்ணீரில் ஏதோ விதை ஊறவைத்துக் குடிப்பான், ஆனால் அது பெரிய பாட்டிலில் அலமாரியில் இருக்கிறது, அதை அவன் இன்றைக்குத் தொடவே இல்லை, எட்டரைக்குத்தான் எழுந்தான். வினோதினி அந்த டப்பாவை நான் வைக்கும்போதே பார்த்தவள். "விதைங்களா மாமா?" என்று கேட்டு நகர்த்தி இடம் விட்டவள். ஐந்தில் மூன்று போனால் இரண்டு. அந்த இரண்டு பேரும் விருந்தாளி.  நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டதே, "வினோ, போன தடவை நான் விட்டுப்போட்டுப் போன கருஞ்சீரகம் இருக்குதா கண்ணு? காலைல வெறும் வயித்துல ஒரு சிட்டிகை போட்டாத்தான் எனக்குச் சக்கரை அடங்குது." "ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கும்மா, வெள்ளை டப்பா." வெள்ளை டப்பா. நான் முப்பத்தொரு வருஷம் உறை மேல் பெயர் எழுதினவன். கொலம்பைன், பான்சி, லார்க்ஸ்பர், இங்கிலீஷ் தெரியாமலே எழுத்தைப் பார்த்து வரைந்து பழகி, ஒரு உறையில் கூடப் பெயர் மாறினது இல்லை. என் வீட்டு டப்பாவில் பெயர் எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்கு எண் போதும். எண் மட்டும் இருந்தால் எனக்கு அது என்ன என்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பது இன்று காலை பத்து மணிவரை என் புத்தியில் படவில்லை.

சம்பந்தியிடம் முதலில் கேட்டுவிடலாம் என்று வெளியே வந்தேன். ஆம்பிளையிடம் கேட்பது கொஞ்சம் சுலபம். மங்கி குல்லாயும் ஸ்வெட்டரும் சால்வையுமாகப் பாத்தி ஓரம் நின்றிருந்தார், கடைசியாக மிச்சமிருந்த ஊதாக் கொலம்பைன் ஒன்றைக் குச்சியால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு. "ஏனுங் சம்பந்தி, பூ வெச்சா தலைக்கு ஆகோணும், இல்லாட்டி சாமிக்கு ஆகோணும். இது ரெண்டுக்கும் ஆகாது போல இருக்குதுங்களே. வெக்கப்பட்டுக்கிட்டுக் கீழ பாக்குது, உங்களையாட்டவே." சிரித்தார். நானும் சிரித்ததாக வைத்துக்கொள்ளலாம். கேட்க வந்தது வேறு. "காலைல தண்ணி ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்றேன். "குடிச்சனுங்களே, ஏன், உங்க ஊருல தண்ணி குடிக்கக்கூடாதுங்களா?" "இல்லீங்க. வேற ஏதாச்சும்…" "வேறயா? காப்பி ரெண்டு, பிஸ்கோத்து நாலு. எழுதி வெச்சுக்குங்க, ஊருக்குப் போய் அனுப்பிடறேன்." மறுபடி சிரிப்பு. அவருக்கு என்னை எண்ணுகிறவன் என்று தெரியும். கல்யாணத்தன்று பந்தியில் இலை எண்ணினேன், நானூற்று அறுபத்திரண்டு, அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சிவப்பாக, மூக்கு நுனி குளிரில் பளபளப்பாக. இவர் இல்லை. இவருக்குக் கருஞ்சீரகம் பிடிக்காது, மருந்து மாத்திரை எதுவும் பிடிக்காது, ஏழு மாத்திரையை எட்டு நாளைக்கு வைத்துக்கொள்கிறவர். ஆக மிச்சம் ஒன்று. ஐந்தில் நாலு போனால் ஒன்று. ஒன்று என்று வந்ததும் பாத்தியின் கல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கொலம்பைன் இலை ஒன்று கண்ணுக்கு எதிரே, அதற்குள் புழு குடைந்துபோன வெள்ளைக் கோடு, கோணல்மாணலாக, இலை ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது, உள்ளேதான் கோடு. மேலே பார்த்தால் தெரியாது. உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஆறு மணிக்குச் சாப்பிட்டிருந்தால் இப்போது நாலரை மணி நேரம்.

ராமாத்தாளிடம் நான் பேசுவது இல்லை. விரோதம் இல்லை. ஆறு வருஷமாக அவர்கள் வரும்போது "வாங்க", போகும்போது "பத்திரமாப் போங்க". நடுவில் ஒரு தடவை, மிதுனா பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், "பொண்ணுங்களா?" என்று கேட்டேன். அவர்களும் என்னிடம் நேராகப் பேசுவது இல்லை, "அண்ணனுக்கு மோர் வேணுமா கேளு கண்ணு" என்று வினோதினி வழியாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட மனுஷியிடம் போய், நீங்கள் என் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்றீர்களா என்று எப்படிக் கேட்பது. திருடினீர்களா என்று கேட்பது போல இருக்கும். விஷம் என்று சொன்னால், சம்பந்தி வீட்டில் ஃப்ரிட்ஜில் விஷம் வைத்திருக்கிறான் என்று காரமடை முழுக்கப் பேச்சாகும், பேசட்டும், ஆள் இருந்தால்தானே பேச்சு. வாக்கியத்தை மனசுக்குள் கட்டிப் பார்த்தேன். 'ஏனுங்க, காலைல நீங்க எடுத்தது கருஞ்சீரகமா, நல்லாப் பார்த்தீங்களா.' பார்த்தீங்களா என்றால் குருடா என்று கேட்பது போல. 'ஒண்ணும் பயப்படாதீங்க, ஆனா.' ஆனா என்று முடித்தால் அதைவிடப் பயம் வேறு இல்லை. என் மனைவி மயிலாத்தாள் இருந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் சமையலறைக்குள் போய்ச் சிரித்தபடி கேட்டுக்கொண்டு வந்திருப்பாள். மயிலாத்தாள் போய் ஒன்பது வருஷம். அன்றும் வீட்டில் விருந்தாளிகள், மோகனுக்கு முதல் வரன் பார்க்க வந்தவர்கள், எட்டுப் பேர். அவள் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது இடது கையால் நெஞ்சை ஒரு தடவை தடவினாள். பார்த்தேன். பாயை விரிக்கும்போது ஒரு தடவை. பார்த்தேன். அவர்களை வழியனுப்பித் திரும்பும்போது ஒரு தடவை. மூன்று. அத்தனை பேர் முன்னால் என்னம்மா என்று கேட்க வாய் வரவில்லை, அவர்கள் போகட்டும், நாலாவது தடவை தடவினால் கேட்கலாம் என்று இருந்தேன். நாலாவது தடவை இல்லை. டாக்டர் கேட்டார், முன்னாடி ஏதாவது சொன்னாங்களா, காட்டினாங்களா என்று. இல்லை என்று தலையாட்டினேன். மூன்று என்று இன்று வரை ஒருவரிடமும் சொன்னது இல்லை.

எழுந்து சமையலறை வாசல்வரை போனேன். நடுப்பகல் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சாதம், தாளிக்கிற வாசம், சீரகம், பூண்டு. மூன்று பேர் முகமும் என் பக்கம் திரும்பியது, வினோதினி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த ராமாத்தாள், எப்போது இங்கே வந்தாளோ மிதுனாவும். "என்னங்க மாமா?" "சுடுதண்ணி." தந்தாள். குடித்தேன். எனக்குத் தாகம் இல்லை. தம்ளருக்கு மேலாக ராமாத்தாளின் முகத்தைப் பார்த்தேன், இதற்கு முன் நேராகப் பார்த்ததே இல்லை போல, வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது, அது எனக்குத் தெரியாது. உதடு நீலமாக இருக்கிறதா, வெற்றிலைச் சிவப்பில் தெரியவில்லை. வேர்வை இருக்கிறதா, அடுப்புப் பக்கம் நின்றால் யாருக்கும் வேர்க்கும். தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டு, "காலைலருந்து ஏப்பமா வந்துட்டே இருக்குது கண்ணு. நேத்து உங்க ஊட்டு உருளைக்கெழங்கு" என்று மகளிடம் சொல்லி, நெஞ்சுக்குழியைக் கையால் ஒரு தடவை நீவினார்கள். ஒன்று. தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்துவிட்டேன். வந்துவிட்டேன், என்ன பிறவி நான், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன். சுவர் ஈரமாக, சில்லென்று. அது ஏப்பம்தான். உருளைக்கிழங்குதான். நேற்று நானும் சாப்பிட்டேன், எனக்கு ஏப்பம் இல்லை. குக்கர் விசில் அடித்தது. ஒன்று. அவர்கள் மூன்று மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு, மலை இறங்க இரண்டு மணி நேரம், நடுவில் கொண்டை ஊசி வளைவில் ஆஸ்பத்திரி ஏது. விசில் இரண்டு. எதற்காக எண்ணுகிறேன், எதை எண்ணி முடித்தால் எனக்கு வாய் திறக்கும். உள்ளே சிரிப்பு, மிதுனா ஏதோ சொல்ல ராமாத்தாள், "அடி கழுதை, அம்மாயிக்கு மூச்சு வாங்குது, எறங்கு" என்கிற சத்தம். மூச்சு வாங்குது. மூன்றாவது விசிலுக்கு நான் நிற்கவில்லை. உள்ளே போய் நின்றேன், நின்றதும் நான் கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை, வேறு ஒன்று வந்தது, என் குரலுக்குப் பழக்கமில்லாத சத்தத்தில்: "அது கருஞ்சீரகம் இல்லீங்க."

 ராமாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மகளைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "அந்த வெள்ளை டப்பாங்களா?" என்றார்கள். தலையாட்டினேன். "விதைங்க. பூ விதை. வயித்துக்குப் போகக்கூடாது. எண்பத்தொண்ணு கொறையுது." வினோதினி கரண்டியை வைத்துவிட்டாள். "மாமா! எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" "பத்து மணிக்கு." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து.  ராமாத்தாள்தான் குறுக்கே வந்தார்கள். "இருங்க, இருங்க, பதறாதீங்க. நான் முழுங்குலீங்க. ஒரு சிட்டிகை வாயில போட்டுக் கடிச்சேன், காரமும் இல்ல, வாசமும் இல்ல, மணலைக் கடிச்சாப்புல இருந்துச்சு. சன்னல்ல எட்டித் துப்பிப்போட்டனுங்க. அப்பறம் பக்கத்து டப்பாவைத் தொறந்து பாத்தா அதுல வாசம் வந்துச்சு, அதுல ஒரு சிட்டிகை போட்டுட்டேன்." "அப்பவே சொல்லக்கூடாதாம்மா?" என்றாள் வினோதினி. "என்னன்னு சொல்ல? உம்பட மாமனாருக்கு எவனோ பழைய சீரகத்தை ஏமாத்தி வித்துப்போட்டான்னு நெனச்சேன். சொன்னா அண்ணன் சங்கடப்படுவாரேன்னு வாயை மூடிட்டேன்." கிட்டுசாமி வாசலில் வந்து நின்றிருந்தார். "நல்ல சோடி. ஒருத்தரு கேக்கமாட்டாரு, ஒருத்தி சொல்லமாட்டா" என்றார், ஆனால் சிரிக்கவில்லை, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது போல வைத்துக்கொண்டார், அவருக்கு நாடி பார்க்கத் தெரியாது. மோகன் தனக்குத் தெரிந்த டாக்டருக்கு போன் போட்டான். செடியின் பெயரைச் சொன்னான், நான் எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் போனைக் கையால் மூடி எங்களைப் பார்த்தான். "எத்தனை உள்ள போச்சுன்னு கேக்கறாரு. ஏழெட்டுன்னா வீட்லயே வெச்சுப் பார்த்துக்கலாமாம், சாயங்காலம் வரைக்கும் கவனிச்சா போதுமாம். பாதிக்கு மேலன்னா இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாரு." எல்லோரும் ராமாத்தாளைப் பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு எப்படிங்க தெரியும், துப்புனேன், கொஞ்சம் தொண்டையில போயிருந்தாலும் போயிருக்கும்." "துப்பினதை எண்ணினா தெரியும்" என்றேன். "அரை மணி நேரம் குடுங்க."

சன்னலுக்குக் கீழே சிமெண்ட் பூசின தரை, ஒரு முழ அகலம், அதை ஒட்டிக் கால்வாய். நல்லவேளை இன்று மழை இல்லை, பனி ஈரம் மட்டும். பீங்கான் தட்டு, போஸ்ட் கார்டு, மிதுனாவின் பிரஷ், பூதக்கண்ணாடி, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முட்டி போட்டேன். விதை கிடந்தது. வெளுத்த சிமெண்டில் பளபளவென்று, எச்சிலோடு ஒட்டி, ஒரு விசிறி விரித்த மாதிரி. ஈரப் பிரஷ்ஷால் தொட்டால் ஒவ்வொன்றாக ஏறி வந்தது. கடிபட்டவை இரண்டாகப் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தன, இரண்டு பாதிக்கு ஒன்று என்று கணக்கு. ஐந்து, பத்து, பதினைந்து. முப்பது. நாற்பதில் பாதி தாண்டிவிட்டது என்று மனசு சொன்னது, எண்பத்தொன்றுக்குப் பாதி நாற்பது அல்ல, நாற்பத்தொன்று வேண்டும், நாற்பத்தொன்று வந்தது. பக்கத்தில் நிழல் விழுந்தது. ராமாத்தாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, "இந்தா இங்கொண்ணுங்க. பாசிக்குள்ள" என்று விரலால் காட்டினார்கள். "உள்ள போய்ப் படுங்க, நீங்க அலையக்கூடாது" என்றேன். இதுவே நான் அவர்களிடம் பேசின நீளமான பேச்சு. "படுத்தா நீங்க வந்து வந்து எட்டிப் பார்ப்பீங்க. அதுக்கு இங்கயே உக்காந்துக்கறேன். அந்தக் கல்லுக்கடியில ரெண்டு இருக்குது பாருங்க." இருந்தது. "நெஞ்சு எப்படி இருக்குங்க?" "ஏப்பந்தானுங்க." "மூச்சு?" "அது என்ற பேத்தி இடுப்புல ஏறி உக்காந்தா யாருக்கும் வாங்கும். ஏனுங்ணா, இம்புட்டு நுணுக்கி எண்ணறீங்களே, பூத்தா எம்புட்டுப் பூக்கும்?" "ஒரு செடிக்கு முதல் வருஷம் பத்து, பன்னெண்டு." "என்ன நெறம்?" நீலம் என்றேன். நீலம் என்று சொல்லவே இவ்வளவு நேரம், இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது, மேற்கொண்டு எந்த மாதிரி நீலம் என்று சொல்ல வாய் திறந்தேன், அதற்குள் அவர்கள் கால்வாய்க்குள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எழுபது. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. அதற்கு மேல் இல்லை. சிமெண்ட் வெடிப்பைக் குச்சியால் நோண்டினேன், கால்வாயில் இரண்டடி தூரம் தண்ணீர் வழியைப் பார்த்தேன், பாசியை வழித்துத் தட்டில் போட்டு நீர் விட்டுப் பிரித்தேன். எழுபத்திரண்டுதான். மிச்சம் ஒன்பது.

"ஒன்பதுங்க" என்றேன். ஏழெட்டு என்றுதானே டாக்டர் சொன்னார், ஒன்பதுக்கு என்ன சொல்வார், கேட்க வேண்டும், எண் சொல்லாமல் விட்டால் மறுபடி இதே கதை. "இருங்க" என்று ராமாத்தாள் வாயை மூடிக்கொண்டார்கள். நாக்கு கன்னத்துக்குள் சுற்றுவது வெளியே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரலை வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல் சந்திலிருந்து எதையோ நகத்தால் நிமிண்டி எடுத்தார்கள். "காலைலருந்து ஏதோ உறுத்துதுன்னு பாத்தேன்." கையை நீட்டினார்கள். தட்டைத்தான் நீட்டியிருக்க வேண்டும், தட்டு பக்கத்திலேயே இருந்தது, நான் உள்ளங்கையை நீட்டினேன். சூடாக, ஈரமாக, பிளக்காமல் முழுசாக ஒரு விதை வந்து விழுந்தது. மோகன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தான், போன் காதில். "அப்பா, லைன்ல இருக்கறாரு. எத்தனை?" வெடிப்பில் போனதும், தண்ணீரில் போனதும், தொண்டையில் போனதும் எல்லாம் சேர்த்து இதற்கு மேல் போக வழியில்லை என்கிற எண் அது. ஒரு தடவை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்து மூன்று, எழுபத்திரண்டு, ஒன்று, இருநூற்று ஆறு; சீட்டில் இருப்பது இருநூற்றுப் பதினான்கு. ராமாத்தாள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு இல்லாமல், முதல் தடவையாகக் கொஞ்சம் பயத்தோடு. அவர்களைப் பார்த்துத்தான் சொன்னேன், சன்னலைப் பார்த்து இல்லை.

"எட்டு."